மார்கழியில் அடுப்படிதான் நல்ல இடம்

வேலூரில் வருஷத்தின் பெரும்பகுதி வெயிலோடுதான் போகும். ஊரைச் சுற்றிப் பாறை மலை. பகலெல்லாம் வாங்கிய சூட்டை ராத்திரி முழுக்க வெளியே விட்டுக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் 40 டிகிரி தாண்டினால் இங்கே யாரும் அதைப் பெரிதாகப் பேசுவதுகூட இல்லை. அந்த நாட்களில் எங்கள் வீட்டில் ஆளுக்கொரு மூலை. மகள் ஃபேனுக்கு நேர் கீழே, மகன் தண்ணீர் தெளித்த தரையில், அத்தை வாசற்படியில், வீட்டுக்காரர் மொட்டை மாடியில். நான் அடுப்படியில் வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பேன். உள்ளே வர யாருக்கும் மனசு வராது.

மார்கழி பிறந்தால் இதெல்லாம் மாறிவிடும். ராத்திரியில் 18 டிகிரி வாக்கில் இறங்கும், சில நாள் அதற்கும் கீழே. ஊட்டிக்காரர்களுக்கு இது குளிரே இல்லை. எங்களுக்கு இதுதான் குளிர். அதிகாலையில் பால் காய்ச்ச அடுப்பைப் பற்றவைத்தால், போர்வையோடு எழுந்து வந்து மகன் அடுப்பு மேடைக்குக் கீழே உட்கார்ந்துகொள்வான். அவன் பின்னாலேயே மகள் வருவாள். அத்தையும் காபிக்கு அங்கேயே வந்துவிடுவார். எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் இருக்க ஆசைப்படுகிற மாதம் எங்களுக்கு இது ஒன்றுதான்.

நான் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் வேலை செய்கிறேன். காலை ஏழு மணிக்கு சத்துவாச்சாரியில் கம்பெனி பஸ் ஏற வேண்டும். வீடு திரும்ப இருட்டிவிடும். ஞாயிறு ஒருநாள்தான் லீவு. பிள்ளைகளோடு உட்கார நேரமே இல்லை என்று கூட வேலை செய்கிற பெண்கள் எல்லாருமே சொல்கிறார்கள். அந்த வருத்தம் எனக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் தனியாக நேரம் ஒதுக்கலாம் என்று காத்திருந்தால் அந்த நேரம் வருவதே இல்லை. எப்படியும் செய்தாக வேண்டிய வீட்டு வேலையை, இந்தக் குளிரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய முடியும். எங்கள் வீட்டில் மார்கழி அப்படித்தான் போகிறது. என்னென்ன செய்கிறோம் என்று சொல்கிறேன், உங்களுக்குத் தோதானதை எடுத்துக்கொள்ளுங்கள்.

மொச்சையில் இருந்து ஆரம்பிக்கிறேன். வடஆற்காட்டில் பிறந்தவர்களுக்கு மார்கழி என்றாலே, பச்சை மொச்சைக் கொட்டையைத் தோல் பிதுக்கி எடுக்கிற பிதுக்குப் பருப்புதான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கம் மானாவாரியில் வேர்க்கடலை போடுகிறவர்கள் இடையிடையே துவரைக்கும் மொச்சைக்கும் ஒரு வரிசை விடுவார்கள். கடலையைப் பிடுங்கி எடுத்த பிறகும் இவை நிலத்தில் நின்றுகொண்டிருக்கும். நாட்டு மொச்சை பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். அதனால்தான் கார்த்திகையில் பூத்து மார்கழியில் காய் திரளுகிறது. அணைக்கட்டு, ஒடுகத்தூர்ப் பக்கத்தில் இருந்து மூட்டை மூட்டையாக வரும். நேதாஜி மார்க்கெட்டில் நுழையும்போதே வாசனை தெரியும்.

வாங்கும்போது காயை விரலால் அழுத்திப் பாருங்கள். உள்ளே பருப்பு திரண்டு மேடு தட்ட வேண்டும், தோல் பச்சை மாறாமல் இருக்க வேண்டும். தட்டையாக இருந்தால் உள்ளே ஒன்றும் இருக்காது. மஞ்சளடித்து வறண்டிருந்தால் பிதுக்குவதற்குள் விரல் நொந்துவிடும். நல்ல காயைத் தொட்டால் கையில் ஒரு பிசுபிசுப்பு ஒட்டும், கூடவே ஒரு வாசனையும் வரும். சோப்புப் போட்டுக் கழுவினாலும் அந்த வாசனை சீக்கிரம் போகாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். பஸ்ஸில் உட்கார்ந்து கையை முகர்ந்துகொண்டே போயிருக்கிறேன்.

சனிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் கூடத்தில் பழைய பேப்பர் விரித்துக் காயைக் கொட்டிவிடுவோம். உரிப்பது எல்லாருக்கும் வேலை. உரித்த கொட்டையைத் தண்ணீரில் போட்டு விடிய விடிய ஊறவிடுவேன். பச்சைக் கொட்டைக்கு அவ்வளவு நேரம் தேவையில்லை, ஆனால் ராத்திரி போட்டுவிட்டால் காலையில் தோல் சுலபமாகக் கழன்றுவரும். ஞாயிறு காலை பிதுக்கும் வேலை மகனுக்கு. கொட்டையின் ஒரு முனையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே தெறிக்கும். தோல் விரலிலேயே நிற்கும். உயரமான குண்டானாக வையுங்கள், இல்லாவிட்டால் பாதிப் பருப்பை சோபாவுக்கு அடியில் தேட வேண்டியிருக்கும். அவன் இரண்டாம் வகுப்பு படிக்கிறான், ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத பிள்ளை. பிதுக்க உட்கார்ந்தால் மட்டும் அசையமாட்டான்.

இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தை வீட்டில் இருந்தால் கொட்டை கைக்கு எட்டக் கூடாது. வாயிலோ மூக்கிலோ போட்டுக்கொள்ளும். பெரிய பிள்ளைகளையும் பச்சையாக மெல்ல விடாதீர்கள், மொச்சையை நன்றாக வேகவைத்துத்தான் சாப்பிட வேண்டும்.

இந்த வேலையில் நான் கண்டுகொண்ட நல்லது ஒன்று உண்டு. என் மகள் ஏழாம் வகுப்பு. ஸ்கூலில் என்ன நடந்தது என்று நேராகக் கேட்டால் "ஒண்ணுமில்லம்மா" என்பாள், அவ்வளவுதான். கை மொச்சையில் இருக்கும்போது, கண்ணும் மொச்சையில் இருக்கும்போது, தானாகவே பேச்சு வரும். கூடப் படிக்கிற பெண்ணோடு பேச்சு நின்றுபோனதைப் போன வருஷம் இப்படித்தான் சொன்னாள். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அப்புறம்?" என்று மட்டும் கேட்டேன். முழுக்கச் சொல்லி முடித்தாள். வளர்கிற பிள்ளைகள் இருக்கிற வீட்டில் இந்த மாதிரி கைவேலை ஒன்று அவசியம் வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். மொச்சைதான் என்று இல்லை. கீரை ஆய்வது, வேர்க்கடலை உடைப்பது, முருங்கைக்கீரை உருவுவது என்று எதுவாக இருந்தாலும் சரி. போன் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

குழம்பு பெரிய வித்தை இல்லை. வெங்காயம், தக்காளி வதக்கி, தேங்காயோடு சோம்பு, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய், கொத்துமல்லி அரைத்து ஊற்றி, கொதி வந்ததும் பருப்பைப் போட்டால் போதும். தோல் இல்லாததால் சீக்கிரம் வெந்துவிடும். குக்கரில் வைத்து விசில் விட்டால் கரைந்து கூழாகிவிடும், திறந்த பாத்திரம்தான் சரி. எங்கள் அத்தை இதில் முள் கத்திரிக்காயும் போடுவார். இலவம்பாடியில் விளையும் அந்தக் கத்திரிக்காய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, அதில் அவருக்கு ரொம்பப் பெருமை. இட்லிக்கும் நன்றாக இருக்கும், ஆனால் சூடான கேழ்வரகுக் களியில் குழி செய்து இந்தக் குழம்பை ஊற்றித் தின்றால் அதன் ருசியே வேறு. களியைக் கண்டால் முகம் சுளிக்கிற பிள்ளைகளுக்கு இந்த மாதத்தில்தான் பழக்கிவிட வேண்டும். குளிரில் சூடான களி தொண்டையில் இறங்குகிற சுகத்தை அவர்களே கண்டுகொள்வார்கள்.

இட்லி என்றதும் மாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், மார்கழியில் எல்லா வீட்டிலும் இந்தப் பிரச்சினை உண்டு. வெயில் காலத்தில் ஆறு, ஏழு மணி நேரத்தில் பொங்கி வழிகிற மாவு, இப்போது பன்னிரண்டு மணி நேரம் ஆனாலும் அப்படியே கிடக்கும். ராத்திரி பத்து மணிக்கு ஆட்டி வைத்துவிட்டுக் காலை ஆறு மணிக்கு இட்லி ஊற்றலாம் என்று நினைக்காதீர்கள். நான் காலையில் கிளம்பும்போதே அரிசியும் உளுந்தும் ஊறப்போட்டுவிடுவேன், மத்தியானம் அத்தை கிரைண்டரில் ஆட்டிவிடுவார். ஆட்டும்போது ஐஸ் தண்ணீர் வேண்டாம், சாதாரணத் தண்ணீர் போதும். உளுந்தோடு கொஞ்சம் வெந்தயம் சேர்த்து ஊறவைத்தால் நல்லது. கரண்டியால் கலக்காமல் கையாலேயே கலந்துவிடுங்கள். அப்புறம் மாவுப் பாத்திரத்தை ஒரு பெரிய அண்டாவுக்குள் வைத்து, அடியில் வெதுவெதுப்பான தண்ணீர் கொஞ்சம் ஊற்றி மூடிவிட்டால், விடியும்போது பொங்கியிருக்கும். மூடியைத் திறந்து "பொங்கிடுச்சு" என்று அறிவிப்பது மகனின் உரிமை. அதை வேறு யாரும் செய்தால் அழுவான்.

தயிரும் அப்படித்தான். பால் கொஞ்சம் கூடுதல் சூட்டில் இருக்கும்போதே உறை ஊற்றி, உறையையும் சற்று அதிகமாகச் சேர்த்து, துண்டில் சுற்றி அரிசி டின்னுக்குள் வைத்துவிடுவேன்.

வேலூரில் குளிர் வந்துவிட்டது என்பதை எங்களுக்குச் சொல்வது தேங்காய் எண்ணெய் பாட்டில். 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கும். ஒருநாள் காலையில் தலை வார எடுக்கும்போது எண்ணெய் வெள்ளை வெளேரென்று கெட்டியாகி, கவிழ்த்தாலும் விழாமல் இருக்கும். மகள் அதை ஜன்னல் விளிம்பில் வெயில் படுகிற இடத்தில் வைப்பாள். ஓரத்தில் மட்டும் உருகி, நடுவில் வெள்ளைக் கட்டி மிதந்துகொண்டிருக்கும். மகன் குச்சி விட்டு அதைத் தள்ளித் தள்ளி விளையாடுவான். அகலமான வாயுள்ள டப்பாவில் கொஞ்சம் மாற்றி வைத்துக்கொண்டால் அவசரமான காலையில் சிரமம் இல்லை, விரலால் வழித்து எடுத்துக்கொள்ளலாம். பிள்ளைகளுக்கு இந்த மாதம் கை, கால் எல்லாம் வெள்ளை வெள்ளையாகப் பூத்துப்போகும். குளித்துத் துடைத்து ஈரம் முழுக்கக் காய்வதற்கு முன்னால் தேங்காய் எண்ணெய் தடவினால்தான் நிற்கும். காய்ந்த தோலில் தடவினால் யூனிஃபார்மில்தான் ஒட்டுகிறது.

எண்ணெய்க் குளியல் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல், வெயில் ஏறிய பிறகு. அதிகாலையில் வேண்டாம். நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கி, மொட்டை மாடியில் பாய் போட்டு இரண்டு பேருக்கும் நானே தேய்த்துவிடுவேன். வருஷம் முழுக்க நிழலைத் தேடி ஓடுகிற ஊரில், முதுகைக் காட்டிக்கொண்டு வெயிலில் உட்காருவது இந்தச் சில வாரங்களில் மட்டும்தான். மடியில் இலந்தைப்பழமோ, உப்பு மிளகாய்த்தூள் தொட்ட நெல்லிக்காயோ இருக்கும். நெல்லிக்காய் தின்ற வாயோடு தண்ணீர் குடித்து, "இனிக்குதும்மா, இனிக்குதும்மா" என்று மகன் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வான். சளியோ காய்ச்சலோ இருந்தால் எண்ணெய்க் குளியல் கிடையாது, அடுத்த வாரம்தான்.

சுடுதண்ணீர் வைக்க ஹீட்டர் ராடு பயன்படுத்துகிற வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். பிள்ளைகள் இருக்கும்போது வாளியை விட்டு நகரவே கூடாது. நாங்கள் விறகடுப்பில்தான் தண்ணீர் காய்ச்சுகிறோம், பின்பக்கம் திறந்த இடம் இருப்பதால் அது வசதி. குளிருக்கு இதமாக இருக்கிறதே என்று அடுப்புக்கரியை மூட்டி மூடிய அறைக்குள் மட்டும் வைத்துவிடாதீர்கள். அதில் வாசனையே இல்லாத விஷவாயு வரும், தூக்கத்திலேயே உயிர் போய்விடும்.

புகையைப் பற்றி இன்னொன்று. மகனுக்கு வீசிங் உண்டு. அதனால் தலைக்குக் குளித்த பிறகு சாம்பிராணி போடுவதை நிறுத்திவிட்டோம். அத்தைக்கு முதலில் மனசில்லை, குளித்த தலைக்குப் புகை காட்டாமல் விடுவது அவருக்குக் குறைதான். டாக்டர் எடுத்துச் சொன்ன பிறகு சம்மதித்தார். மெல்லிய காட்டன் துண்டால் நன்றாகத் துவட்டி, வெயிலில் கொஞ்ச நேரம் உட்காரவைத்தாலே தலை காய்ந்துவிடுகிறது. இருமலுக்கு தூதுவளை ரசமும், கற்பூரவல்லி இலை போட்ட சுடுதண்ணீரும் நாங்கள் கொடுப்பது. தேன் கலக்குவதாக இருந்தால் ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு ஒரு சொட்டுகூட வேண்டாம். கொதிக்கிற பாத்திரத்தை முன்னால் வைத்துச் சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்கவைக்காதீர்கள், கவிழ்ந்தால் வெந்துபோகும். மூச்சை உள்ளே இழுக்கும்போது விலா ஒடுங்கினாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ கஷாயம் வைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

கோலத்துக்கு எனக்குக் கிடைப்பது காலையில் கொஞ்ச நேரம்தான். ஒலிபெருக்கியில் கோயில் பாட்டு ஆரம்பிக்கும்போது எழுந்து வாசல் தெளிப்பேன். பனி ஈரத்தில் மாவு காற்றில் பறக்காது, கோடு அழகாக நிற்கும். ஆனால் கோலமாவு டப்பாவே ஈரம் இழுத்துக் கட்டி தட்டிவிடும். முந்தின நாள் மத்தியானம் வெயிலில் காயவைத்து எடுத்தால் விரலில் தடையில்லாமல் இறங்கும். அரையாண்டு லீவு விட்டால் மகளும் எழுந்து வருவாள். முந்தின ராத்திரியே நோட்டில் புள்ளி வைத்துப் பார்த்திருப்பாள். நான் புள்ளி வைக்க, அவள் இழுப்பாள். கோடு கோணினாலும் நான் திருத்துவதில்லை. ஏழு மணி பஸ்ஸுக்கு ஓடும்போது அதைத் தாண்டித்தான் போகிறேன், ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகும் அந்தக் கோலம்தான் மனசில் இருக்கும். எதிர்வீட்டு அம்மா தரும் பரங்கிப்பூவைச் சாண உருண்டையில் செருகுவது மகன் பங்கு. வண்ணப்பொடி சலிப்பதை மட்டும் அவனிடம் விடமாட்டேன், அந்தத் தூசியும் அவன் மூச்சுக்கு ஆகாது.

பக்கத்து வீட்டு அக்கா குடும்பம் சர்ச்சுக்குப் போகிறவர்கள். டிசம்பர் பிறந்ததும் அவர்கள் வாசலில் ஸ்டார் ஏறிவிடும். அச்சு முறுக்கு சுடுகிற அன்றைக்கு என் இரண்டு பிள்ளைகளும் அங்கேதான். சூடான எண்ணெயில் அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு மாவில் முக்கால்வாசிதான் முக்க வேண்டும், முழுக்க முங்கினால் முறுக்கு அச்சைவிட்டுக் கழலாது என்று என் மகள்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாள். பொங்கலுக்கு எங்கள் வீட்டுப் பானையில் இருந்து முதல் கிண்ணம் அந்த வீட்டுக்கு.

ராத்திரியில் எல்லாரும் ஒரே அறையில். கம்பளி மாதிரிப் பளபளப்பாக விற்கிற பாலியெஸ்டர் போர்வை எங்கள் ஊர்க் குளிருக்குச் சரிப்படவில்லை. நடுராத்திரியில் பிள்ளைகளுக்கு வேர்த்து, உதைத்துத் தள்ளிவிட்டு, விடியற்காலையில் குளிரில் சுருண்டு கிடக்கும். பழைய காட்டன் புடவையை மடித்துப் போர்த்தி, அதன் மேல் ஒரு சாதாரணப் போர்வை போட்டால் கச்சிதமாக இருக்கிறது. அத்தையின் புடவைக்குத்தான் போட்டி. ஃபேன் சத்தம் இல்லாததால் அவர் மெல்லப் பேசினாலும் கேட்கும். பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டி, தேங்காய்ச் சிரட்டையால் தண்ணீர் மொண்டு குடத்தில் நிரப்பிய கதையைத்தான் பிள்ளைகள் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். "ஆயா, அப்போ ஆத்துல தண்ணியே ஓடாதா?" என்பான் மகன். 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தைப் பாலத்தின் மேல் நின்று பார்த்த மகள், தனக்குத்தான் தெரியும் என்பதுபோல் இடையில் புகுந்து சொல்ல ஆரம்பிப்பாள். ஆயா ஒரு பாலாறு, பேத்தி ஒரு பாலாறு. கேட்டுக்கொண்டே நான்தான் முதலில் தூங்கிவிடுவேன்.

மொச்சையைப் பற்றி ஒன்று பாக்கி இருக்கிறது. பொங்கலை ஒட்டிய வாரத்தில் விலை ஏறும். தேவை இருந்தால் மார்கழி நடுவிலேயே ஒரு தடவை அதிகமாக வாங்கிவிடுங்கள். பிதுக்கிய பருப்பை ஈரம் போகத் துணியில் பரப்பி உலர்த்தி, ஒரு சமையலுக்கு ஆகிற அளவாகப் பிரித்துக் கவரில் கட்டி ஃப்ரீசரில் வைத்தால் மாசி வரைக்கும் தாங்கும். எடுத்ததும் ஊறவைக்க வேண்டாம், கொதிக்கிற குழம்பில் அப்படியே போட்டுவிடலாம்.